மாசி வீதிக்குள்ள மதுரை: கையால போட்ட ஒரு மேப், ஒரு நிகழ்வு ஆய்வு

சிம்மக்கல் பக்கம் இருக்கிற ஒரு அக்கா கையால போட்ட மதுரை மேப் பத்தின கேஸ் இது. பேர் போட வேணாம்னுட்டாங்க, அதனால கடைசி வரைக்கும் அக்காதான். மீனாட்சி அம்மன் கோயில நடுவுல வச்சு, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, இதுக்கு இடையில இருக்கிற சந்து பொந்து பூராம் ஒரு கடை விடாம பேனாவுல போட்டுருக்காங்க. மொத்தம் ஆறு ஏ2 ஷீட், சேர்த்து வச்சா அகலம் 126 செ.மீ., உயரம் 119 செ.மீ.க்கு ஒரு நூல் கம்மி. ஸ்கேல் 1:1000, அதாவது தெருவுல ஒரு மீட்டர்னா பேப்பர்ல ஒரு மில்லி. முடிக்க ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு. அழகா இருக்குனு பாக்குறவங்க எல்லாம் சொல்றாங்க, அழகாத்தான் இருக்கு, ஆனா நான் எழுத உக்காந்தது அதுக்கு இல்ல, இதை வரையிறப்ப அவங்க எடுத்த நாலஞ்சு முடிவுக்காக. அதுல ரெண்டு முடிவ இன்னிக்கு வரைக்கும் நான் ஒத்துக்கல.

அக்கா முதல்ல கட்டட டிராயிங் போட்டுக்கிட்டு இருந்தவங்க. டிராஃப்டிங் போர்டு, மினி டிராஃப்டர், ட்ரேசிங் ஷீட்ல ரோட்ரிங் பேனா, கோடு தப்பாப் போச்சுன்னா பிளேடால மெதுவா சுரண்டி எடுக்கணும், கொஞ்சம் அழுத்துனா ஷீட் ஓட்டையாயிடும், அப்புறம் அம்மோனியா பிரிண்ட் நெடி. ஆட்டோகேட் வந்து அந்த வேலை பூராம் கம்ப்யூட்டருக்குப் போனப்ப இவங்க போகல. ட்யூஷன், கோலப் புத்தகத்துக்கு டிசைன், கல்யாணப் பத்திரிகைல மண்டபத்துக்கு வழி காட்டுற குட்டி மேப்னு ஓடிக்கிட்டு இருந்துச்சு. அந்தக் குட்டி மேப்தான் இதுக்கு விதை. அதுல ஸ்கேலே கிடையாது, விளக்குத்தூண் இங்க, பஸ் ஸ்டாண்ட் இங்க, நடுவுல ஒரு வளைஞ்ச கோடு, ஆனா ஒருத்தரும் வழி தப்புனதா வந்து சொன்னதில்ல.

எலும்புக்கூடு எங்கிருந்து வந்துச்சு

கையால வரையிறதுன்னா கண்ணால பாத்து அப்படியே போடுறதுனு நிறைய பேர் நினைக்கிறாங்க. ஒரு தெருவுக்கு அது சரி, இம்புட்டு பெரிய ஏரியாவுக்கு சரிப்படாது, மேல மாசி வீதில ஆரம்பிச்சு ஒவ்வொரு கடையா அளந்து சேர்த்துக்கிட்டே போனா கீழ மாசி வீதிக்கு வர்றப்ப சின்னச் சின்ன தப்பெல்லாம் கூடி தேர்முட்டி எங்கேயோ போய் நிக்கும். அதனால சர்வேக்காரங்க எப்பவுமே பெருசை முதல்ல கட்டிட்டு சின்னதுக்கு வருவாங்க. லாம்டன்ங்கிற வெள்ளக்கார சர்வேயர் 1802ல பரங்கிமலைகிட்ட ஒரு அடிக்கோடு அளந்து, அதுல இருந்து முக்கோணம் முக்கோணமா கட்டிக்கிட்டே போனதும் இதே முறைதான். நிலம் வச்சிருக்கிறவங்க எஃப்எம்பி ஸ்கெட்ச், அதாவது சர்வே நம்பருக்கான நில அளவைப் படம் பாத்திருப்பீங்க, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல ஜி-லைன்னு ஒரு நேர்கோடு போட்டு, அந்தக் கோட்டுல இருந்து பக்கவாட்டுல அளவு எடுத்திருப்பாங்க. அதுவும் அதேதான்.

அக்கா, ஜனங்களே சேர்ந்து போடுற இலவச மேப்பான ஓபன்ஸ்ட்ரீட்மேப்ல இருந்து தெரு முக்குகள மட்டும் எடுத்துக்கிட்டாங்க. சாட்டிலைட் படத்த வச்சு ட்ரேஸ் பண்ணியிருந்தா வேலை சுலபம், ஆனா அந்தப் படம் அடுத்தவன் சொத்து, விக்கிறப்ப பிரச்சனை வரும். ஓபன்ஸ்ட்ரீட்மேப்ல யாரோடது இந்த டேட்டானு ஒரு வரி போட்டாப் போதும், மேப்போட கீழ மூலைல பொடி எழுத்துல போட்டிருக்காங்க. முக்குகள் பென்சில்ல உக்காந்ததும், ரெண்டு முக்குக்கு நடுவுல இருக்கிற கடைகள காலடியால அளந்தாங்க. மொத்தம் இத்தனை அடி வச்சேன், அதுல இந்தக் கடை இத்தனை, அந்த விகிதத்துல பேப்பர்ல பிரிச்சுப் போட்டா தப்பு இருந்தாலும் அந்த ரெண்டு முக்குக்குள்ளயே செத்துடும், அடுத்த தெருவுக்குத் தொத்தாது. போன் ஜிபிஎஸ்ஸ ஒரு நாள் ட்ரை பண்ணிட்டு விட்டுட்டாங்க, ரெண்டு பக்கமும் மூணு மாடி நிக்கிற சந்துல அது நம்மள அடுத்த தெருவுல நிக்கிறதா காட்டும்.

காலடி வைக்க தெரு காலியா இருக்கணும்ல. தூங்கா நகரத்துல அது எந்த நேரம்? அக்கா கண்டுபிடிச்ச வரைக்கும் ராத்திரி லோடு இறக்குறவங்க போயி காலைல டீக்கடை சூடாகிற இடைவெளிதான், அது தெருவுக்குத் தெரு மாறும், ஷட்டர் பூராம் மூடியிருக்கிறதால எண்ணுறதுக்கும் சௌகரியம்.

சந்து பிரச்சனை

பெரிய சண்டை இங்கதான். மதுரைல ஆறடி சந்து எத்தனை இருக்குனு உள்ள சுத்துனவங்களுக்குத் தெரியும். 1:1000ல ஆறடின்னா 1.8 மில்லி. கடைல 01னு கேட்டு வாங்குறோமே மைக்ரான் பேனா, அது போடுற கோடு கால் மில்லி, அதுக்கும் மெலிசான 005 பேனாவே 0.20 மில்லி. ரெண்டு பக்கமும் சுவர்க் கோடு போட்டா நடுவுல மிஞ்சுறது ஒண்ணேகால், ஒண்ணரை மில்லி. அதுக்குள்ள தெருப் பேர் எழுத முடியாது, ஒரு சைக்கிள் கூட போட முடியாது. அதுவும் நம்ம எழுத்து ண, ஞ, இ-னு சுழிச்சு சுழிச்சு வர்ற எழுத்து, ரெண்டு மில்லிக்குக் கீழ போனா சுழி அடைச்சுக்கிட்டு மை பொட்டாயிடும். இங்கிலீஷ் மேப்ல பெரிய எழுத்தா இடைவெளி விட்டு எழுதித் தப்பிச்சுக்குவாங்க, நமக்கு அந்த வழி இல்ல, பேரும் நீளம். மகால் வடம்போக்கித் தெரு, தளவாய் அக்ரஹாரம் தெரு, இதையெல்லாம் எங்க கொண்டுபோய் வைக்கிறது?

நான் சொன்னது, ஸ்கேல 1:500 ஆக்கிருங்கக்கா. பேப்பர் நாலு மடங்காயிடும், வீட்ல விரிக்க இடம் இல்லைனு ஒரே வார்த்தைல முடிச்சுட்டாங்க. அவங்க செஞ்சது வேற. சந்து அத்தனையையும் நாலு மில்லி ஆக்கிட்டாங்க. ஆறடி சந்தா இருந்தாலும் எட்டடி சந்தா இருந்தாலும் நாலு மில்லிதான். அந்தக் கூடுதல் இடத்த கட்டடங்களோட முதுகுப் பக்கத்துல இருந்து, யாரும் பாக்காத குடோன், பின்கட்டு, கிணத்தடில இருந்து, சேலைக்குக் கொசுவம் வைக்கிற மாதிரி மடிச்சு எடுத்துக்கிட்டாங்க. கடை முகப்பு அகலம் மாறல, தெரு நீளம் மாறல, உள்ள இருக்கிற ஆழம் மட்டும் சுருங்குச்சு. மாசி வீதிய நிஜ அகலத்துலயே விட்டுட்டாங்க, அதனால சந்தும் மாசி வீதியும் பக்கத்துல பக்கத்துல பாத்தா சந்துக்கு ஏதோ ஒரு கெத்து வந்த மாதிரி இருக்கும்.

இது ஏமாத்து இல்லையானு ஒரு இன்ஜினியர் நண்பர் கேட்டார். நான் சொன்னேன், சர்வே ஆஃப் இந்தியாவோட டோப்போ ஷீட்ட, அதாவது கவர்மெண்ட் நில அளவை மேப்ப எடுத்துப் பாருங்க, நம்ம ஊருக்கு ஷீட் நம்பர் 58 கே/1, 1:50,000 ஸ்கேல். அதுல மாசி வீதிச் சதுரம் பூராம் ரெண்டு செ.மீ.க்குள்ள அடங்கிடும், ஒரு ரோட்டுக் கோட்ட அரை மில்லி தடிமனாப் போட்டாலே அது நிஜத்துல 25 மீட்டர் ஆயிடுது, எந்த ஊர்ல கிராமத்து ரோடு 25 மீட்டர்? கவர்மெண்ட் மேப்பே தேவைப்பட்டத ஊதித்தான் காட்டுது. எதை ஊதுறோம்ங்கிறதுல ஒரு ஒழுங்கு வேணும், அவ்வளவுதான். அக்காவோட ஒழுங்கு, மனுஷன் நடக்கிற இடம் பெருசாகலாம், பூட்டிக் கிடக்கிற இடம் சிறுசாகலாம். இந்த ஒரு விதிய ஆறு ஷீட்டுலயும் எங்கயும் மீறல, நானும் லென்ஸ் வச்சு தேடிப் பாத்துட்டேன்.

பேரு விஷயத்துல ஒரு வெட்டு. தெருங்கிற வார்த்தைய சந்துப் பேர்ல இருந்து பூராம் எடுத்துட்டாங்க. வளையல்காரர், மஞ்சணக்காரர், சுண்ணாம்புக்காரர்னு மொட்டையா இருக்கும். ஆட்டோக்காரர்கிட்ட நம்ம அப்படித்தானே சொல்றோம்.

கோபுரம் எந்தப் பக்கம் சாயணும்

மேல இருந்து பாக்குற மேப்ல கோபுரம் வெறும் செவ்வகம். மதுரை மேப்ல கோபுரத்த செவ்வகமாப் போட்டா எவன் வாங்குவான்? சரி, நிக்கிற மாதிரி போடுவோம்னா, தெற்குக் கோபுரம்தான் இருக்கிறதுலயே உசரம், சுமார் 170 அடி, அதே ஸ்கேல்ல பேப்பர்ல அஞ்சு செ.மீ. வரும். தெற்குக் கோபுரம் மேல் நோக்கிப் போனா அது மறைக்கிறது கோயில் உள்பக்கத்த, பரவாயில்ல. வடக்குல இருக்கிற மொட்டைக் கோபுரத்த அதே மாதிரி மேல் நோக்கிப் போட்டா வடக்கு சித்திரை வீதி காலி, அதுக்குப் பின்னாடி இருக்கிற கடைங்களும் காலி. 1500ல பார்பரி போட்ட வெனிஸ் படத்துலயும், 1739ல வந்த பாரிஸ் நகரத்து டுர்கோ மேப்புலயும் பறவை பாக்குற மாதிரி ஒரு பக்கமா சாய்ச்சுப் போட்டிருப்பாங்க, அதுல கட்டடத்துக்குப் பின்னாடி இருக்கிறது மறையத்தான் செய்யும், தெருவ அகலமாக்கித்தான் சமாளிக்க முடியும். அக்கா அந்த வழிக்குப் போகல. நாலு கோபுரத்தையும் கோயில் உள்பக்கமா மடிச்சுப் படுக்க வச்சுட்டாங்க. தெற்கு நேரா நிக்கும், வடக்கு தலைகீழா, கிழக்கும் மேற்கும் பக்கவாட்டுல. கோயில் மதிலுக்குள்ள பேப்பர்ல கிட்டத்தட்ட 25 செ.மீ.க்கு 24 செ.மீ. இருக்கு, நாலும் தாராளமா படுக்குது, வெளிய ஒரு கடை கூட மறையல.

அப்ப மேப்ப எப்படிப் பாக்குறது? சுத்தி வந்துதான். டேபிள்ல விரிச்சு வச்சு, எந்த வீதியப் பாக்கணுமோ அந்தப் பக்கம் போய் நிக்கணும். இதை முடிவு பண்ணுனதும் எழுத்தும் மாறுச்சு. வீதிப் பேரெல்லாம் தேர் சுத்துற திசைல எழுதியிருக்கு, நீங்க டேபிள வலமா சுத்தி வந்தா ஒவ்வொரு பேரும் உங்களுக்கு நேரா வரும். சித்திரைத் திருவிழாவுல தேர் மாசி வீதில எப்படிப் போகுமோ அப்படி. முதல் தடவை ஒரு சின்ன ஹால்ல விரிச்சப்ப யாரும் சொல்லாமலே கூட்டம் வலமா சுத்த ஆரம்பிச்சுச்சு, இடப்பக்கமா வந்த ஒரு காலேஜ் பையன ஒரு பாட்டி தோள்ல தட்டி திருப்பி விட்டுச்சு.

அழகான யோசனை. வாங்குறவனுக்கு ஆகாத யோசனை. மேப் வாங்குறவங்கள்ல பாதிக்கு மேல சுவத்துல மாட்டத்தான் கேக்குறாங்க, சுவத்துல மாட்டுனா வடக்கு வீதிப் பேர் எல்லாம் தலைகீழ். ஒரிஜினல அப்படி வைக்கிறது சரிதான், பிரிண்ட்டுக்காவது பேர்கள நேரா மாத்தி ஒரு லேயர் போட்டிருக்கலாம், எழுத்து தனி ட்ரேசிங்லதான் இருக்கு, வேலையும் பெருசு இல்ல. கேக்கல. இது நான் ஒத்துக்காத முதல் முடிவு.

கோயிலுக்குள்ள

1748ல நோல்லி போட்ட ரோம் நகர மேப்ல ஒரு விஷயம் உண்டு, தெருவ மட்டும் வெள்ளையா விடாம, ஜனங்க உள்ள போக முடியுற சர்ச்சுகளோட உள்பக்கத்தையும் வெள்ளையா விட்டிருப்பார், வீடுகள் மட்டும் கறுப்பு. ஊர்க்காரன் கால் படுற இடம் எது, படாத இடம் எதுனு ஒரு பார்வைல தெரியும். அக்கா ஆடி வீதிய அப்படித்தான் விட்டாங்க. ஆடி வீதி மதிலுக்குள்ள இருக்கு, ஆனா அதுவும் வீதிதான், சித்திரை வீதி எவ்வளவு வெள்ளையோ அதே வெள்ளை. பொற்றாமரைக் குளத்துப் படிக்கட்டு ஒவ்வொண்ணா இருக்கு. கருவறைப் பக்கம் ஒண்ணுமே போடல, கோடும் இல்ல, பேரும் இல்ல.

உள்ள அளவு எடுத்ததுதான் கஷ்டம். 2018 பிப்ரவரில வீர வசந்தராயர் மண்டபத்துல தீ பிடிச்சதுக்கு அப்புறம் அந்த வருஷமே கோயிலுக்குள்ள செல்போனுக்குத் தடை வந்துருச்சு, போட்டோ எடுத்துட்டு வந்து வீட்ல வச்சு பாக்கலாம்ங்கிற பேச்சுக்கே இடம் இல்ல. சாமி கும்பிடப் போற மாதிரி போய், ஒரு பிரகாரத்துக்குத் தூண் எத்தனைனு விரல்ல எண்ணி மனசுல வச்சுக்கிட்டு, வெளிய வந்து அம்மன் சன்னதித் தெருவுல ஒரு ஓரமா உக்காந்து நோட்ல எழுதுறது, மறுபடி அடுத்த வெள்ளிக்கிழமை. அந்த நோட்டப் பாத்தேன், முதல் பக்கத்துல தூண் கணக்கு, அதே பக்கத்துல கீழ தக்காளி அரைக் கிலோ, மல்லித்தழை.

எந்த நாளு மதுரை

தெருவ விட கடை வேகமா மாறுது. ரெண்டு வருஷம் வரைஞ்சா முதல் ஷீட்ல இருக்கிற கடை கடைசி ஷீட் முடியிறப்ப இருக்காது. புது மண்டபத்த எடுத்துக்குங்க, திருமலை நாயக்கர் கட்டுனது, நமக்கு விவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து உள்ள தையக்காரங்க, வளையல் கடை, புத்தகக் கடை. சில வருஷத்துக்கு முன்னாடி அவங்கள குன்னத்தூர் சத்திரத்துக்கு மாத்துனாங்க. இப்ப மேப்ல தையல் மெஷின எங்க வைக்கிறது? மனசுல இருக்கிற மதுரையா, கண்ணு முன்னாடி இருக்கிற மதுரையா? அக்கா கண்ணு முன்னாடி இருக்கிறதத்தான் போட்டாங்க, மண்டபம் காலி, மெஷின் சத்திரத்துல. ஒவ்வொரு ஷீட்டோட ஓரத்துலயும் எந்த மாசம் ஆரம்பிச்சது, எந்த மாசம் முடிஞ்சதுனு தேதி இருக்கு, அந்த ஷீட் அந்தத் தேதிக்கு உண்மை, அதுக்கப்புறம் அவங்க பொறுப்பு இல்ல. கைல வரையிற எல்லாரும் இத ஒண்ண மட்டுமாவது காப்பியடிச்சுக்கலாம்.

இல்லாததுல ஒண்ணே ஒண்ணுக்கு விதிவிலக்கு. மேப்போட ஓரத்துல மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் வருது. 1840 வாக்குல கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவர இடிச்சு அகழிய மூடுனப்ப அந்த வேலைய நடத்துனவங்க பேருதான் அது ரெண்டும், பிளாக்பர்ன் பேருல நிக்கிற கம்பம்தான் விளக்குத்தூண். அந்த ஓரத்துல கோட்டை இருந்ததுக்கு ஒரு புள்ளிக்கோடு போட்டிருக்காங்க. சுவர் சரியா எந்த இடத்துல போச்சுனு இவங்க அளக்கல, அளக்காத ஒண்ண மத்த கோடுகளோட பக்கத்துல வச்சுட்டாங்கங்கிறது என் ரெண்டாவது குறை. புள்ளிக்கோடு போட்டாலே தெரியாதாங்கிறாங்க. எனக்குத் தெரியும், தென்கிழக்கு மூலைல மகாலத் தேடி வர்ற டூரிஸ்டுக்குத் தெரியுமா?

கடைக்காரங்க என்ன சொன்னாங்கங்கிறது தனிக் கதை. ட்ரேசிங்க எடுத்துக்கிட்டு தெருத் தெருவாப் போய் சரிபார்த்தப்ப ஒரு பாத்திரக் கடைக்காரர் கண்ணாடிய மாட்டிக்கிட்டு ரொம்ப நேரம் குனிஞ்சு பாத்துட்டு, "ஏம்மா, எங்க கடைக்கு ரெண்டு ஷட்டரும்மா, நீ ஒண்ணுதான் போட்ருக்க, பங்காளிக்குள்ள கேஸ் நடக்குது, நாளைக்கு இதைக் கொண்டுபோய் அவன் கோர்ட்ல காட்டிறப் போறான்"னு பதறிட்டார். "அண்ணே, இது பட்டா இல்லண்ணே, படம்." "படமா இருந்தா என்ன, ரெண்டாப் போடு." போட்டாங்க. நிஜமாவே அங்க ரெண்டு ஷட்டர்தான், ஒண்ணு முன்னாடி ஃபிளெக்ஸ் தொங்குனதுல இவங்க கண்ணுக்குப் படல. இந்த மாதிரி திருத்தம் நிறைய வந்துச்சு, வந்ததுல பாதி உண்மை, மீதி எங்க கடைய கொஞ்சம் பெருசாக் காட்டுங்கிற ஆசை.

சட்டப் பக்கம் சுருக்கமா. 2021 பிப்ரவரில மத்திய அரசு விதிகள தளர்த்துனதுக்கு அப்புறம் நம்ம ஆளுங்க மேப் போட முன்அனுமதியோ லைசென்ஸோ தேவையில்ல, தடை செஞ்ச சில விவரங்கள காட்டக்கூடாதுங்கிறது மட்டும் உண்டு. 1957 காப்பிரைட் சட்டத்துல மேப்பும் கலைப் படைப்புதான், வரைஞ்சவங்க காலம் போக இன்னும் 60 வருஷம் உரிமை. பிரிண்ட் போடுறதுக்கு முன்னாடி ஓரத்துல பேரும் வருஷமும் போட்டு வச்சுக்கிறது நல்லது.

பிரிண்ட்ல பட்ட பாடு

முதல் பிரிண்ட் வீணாப் போச்சு. ஷீட்ட கலரோட சேர்த்து ஸ்கேன் பண்ணிக் குடுத்திருக்காங்க, பிரஸ்ல அத அப்படியே நாலு கலராப் பிரிச்சுட்டாங்க. ஒவ்வொரு மைக்கும் ஒரு அச்சுத் தட்டு, கறுப்புக் கோடு கூட நாலு மையும் சேர்ந்துதான் விழும், தட்டு ஒரு முடி அளவு நகர்ந்தாலும் ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்துல சிவப்பும் நீலமுமா ஒரு நிழல். போஸ்டருக்கு இது தெரியாது, கால் மில்லி கோடா நிறைஞ்சு கிடக்கிற மேப்புக்கு அசல் ஊறிப்போன மாதிரி ஆயிடும். ரெண்டாவது தடவை அக்கா கோட்டையும் கலரையும் பிரிச்சுட்டாங்க. கோடு தனி ஷீட்டு, வாட்டர்கலர் தனி ஷீட்டு, அடில இருந்து வெளிச்சம் வர்ற லைட் பாக்ஸ்ல கோட்டு ஷீட்ட அடில வச்சு, மேல இன்னொரு ஷீட்ல கலர் அடிச்சது. கோட்டு ஷீட்ட 1200 டிபிஐல (அங்குலத்துக்கு 1200 புள்ளி) வெறும் கறுப்பு வெள்ளையா ஸ்கேன் பண்ணி கறுப்பு மை தட்டுல மட்டும் ஏத்தணும், கலர் ஷீட்ட 300ல எடுத்து மத்த மூணு தட்டுல. சிவகாசில வேற ஒரு பிரஸ்ல குடுத்தாங்க, அங்க இருந்த மெஷின்மேன் முதல் தாள எடுத்து லென்ஸ் வச்சுப் பாத்துட்டு, "இது யாரு போட்டது, கோட்ட கறுப்புல மட்டும் வைக்கணும்னு யாரு சொன்னது"னு கேட்டாராம். நல்ல பிரிண்ட், வடக்கு வீதி மட்டும் தலைகீழ்.

ஒரு லாட்ஜ்காரர் ரிசப்ஷன் சுவத்துக்கு ஆறு ஷீட்டையும் சேர்த்துக் கேட்டார், பேரெல்லாம் நேரா வச்சுக் குடுங்க, காசு கூட தர்றேன்னார். அக்கா முடியாதுன்னுட்டாங்க, அதோட விடாம கண்ணாடி போட்ட டேபிளா செஞ்சு ஹால் நடுவுல போடச் சொல்லி ஆசாரி ஒருத்தரையும் அவங்களே அனுப்பி வச்சாங்க. போட்டாச்சு. ரூம் சாவிக்கு வெயிட் பண்றவங்க இப்ப அதத்தான் சுத்துறாங்க, அதனால என் முதல் குறையக் கொஞ்சம் சத்தம் இல்லாம வச்சிருக்கேன், வாபஸ் வாங்கல.

அடுத்தது ஆத்து ஷீட்டு, யானைக்கல்லுல இருந்து கோரிப்பாளையம் வரைக்கும். அதுல சந்து இல்ல, வேற தலைவலி, வைகைய தண்ணியோட போடுறதா மணலோட போடுறதா. தேதி போடுற விதிப்படி பாத்தா அன்னிக்கு என்ன ஓடுதோ அதுதான், ஆனா அன்னிக்கு ஒண்ணும் ஓடலைன்னா ஊர்ல பாதிப் பேர் சண்டைக்கு வருவாங்கனு அக்காவுக்கும் தெரியும். கரையோர ரோடு வந்ததுல ஆத்தோட அகலம் பழைய மேப்போட ஒத்துப் போகல, அதனால இந்தத் தடவை ரெண்டு கரையையும் டேப் பிடிச்சே அளக்கணும்ங்கிறாங்க, டேப்போட மறுமுனையப் பிடிக்க என்னையக் கூப்பிட்ருக்காங்க.